எல்லைக்கு இருபுறமும் நடக்கும் வேளாண் ஆய்வுகளை ஒரே இணைய வரைபடத்தில் காட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் கேரளப் பக்கம். பொள்ளாச்சி, ஆனைமலை, கிணத்துக்கடவு தமிழ்நாட்டுப் பக்கம். இந்தப் பகுதியில் ஆய்வுத் திட்டங்களின் களப்பணியாளர்களும் உழவர் குழுப் பொறுப்பாளர்களும் ஆராய்ச்சி மாணவர்களும் கேட்கிற கேள்விகளைத் தொகுத்து, பதிலோடு இங்கே தந்திருக்கிறோம். கணினியில் எக்செல் அளவுக்குப் பழக்கம் இருந்தால் போதும்.

ஆய்வுத் திட்டங்களின் பட்டியல்தான் இருக்கிறதே, வரைபடம் எதற்கு?

உங்கள் வேலை முழுவதும் ஒரே மாநிலத்தில், ஒரே நிலையத்தின் கீழ் நடக்கிறது என்றால் பட்டியலே போதும். வரைபடத்துக்காக மெனக்கெட வேண்டாம்.

இங்கே நிலைமை வேறு. தென்னையைத் தாக்கும் சுருள் வெள்ளை ஈ 2016-ல் இந்தியாவில் முதலில் கண்ணில் பட்டது பொள்ளாச்சி, பாலக்காடு வட்டாரத்தில்தான். கோபாலபுரம் சோதனைச்சாவடியில் அது நிற்கவில்லை. அதைப் பற்றிய ஆய்வுக் குறிப்புகள் மட்டும் நின்றுவிடுகின்றன. இந்தப் பக்கத்து விவரம் திருச்சூர் வெள்ளானிக்கரையில் உள்ள கேரள வேளாண் பல்கலைக்கழகத்துக்குப் போகும், அந்தப் பக்கத்து விவரம் கோவை வேளாண் பல்கலைக்கழகத்துக்குப் போகும். இரண்டும் 1971-ல் பிறந்தவை, ஒரே பாலக்காட்டுக் கணவாயின் இரு வாசலிலும் வேலை செய்பவை. ஆனால் பட்டியல்கள் தனித்தனி.

தென்னையின் வேர் வாடல் நோயையும் பாருங்கள். 1882 வெள்ளத்துக்குப் பிறகு ஈராற்றுப்பேட்டைப் பக்கம் முதலில் கவனிக்கப்பட்ட நோய், இன்று ஆனைமலைத் தோப்புகளில் பேச்சாக இருக்கிறது. காயங்குளத்தில் உள்ள மத்திய தோட்டப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டல நிலையம் இந்த நோயில் பல பத்தாண்டுகளாக வேலை செய்து கல்பரக்ஷா, கல்பஸ்ரீ, கல்ப சங்கரா ஆகிய ரகங்களைத் தந்திருக்கிறது. ஆழியாறு நகரில் தமிழ்நாட்டின் தென்னை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மீனாட்சிபுரத்துத் தோப்புக்காரருக்கு ஆழியாறு பக்கம், காயங்குளம் தூரம். ஆனால் அரசாங்கக் கணக்கில் அவர் காயங்குளத்துக்காரர். மாநில வாரியாக அடுக்கிய பட்டியலில் இந்த நெருக்கம் தெரியாது. வரைபடத்தில் பார்த்த உடனே தெரியும்.

எதையெல்லாம் ஏற்றலாம்?

ரக ஒப்பீட்டுத் திடல், செயல்விளக்கத் தோப்பு, மண் மாதிரி எடுத்த இடம், பூச்சி கண்காணிப்புப் பொறி வைத்த இடம், நீர் அளவிடும் கிணறு, உழவரோடு சேர்ந்து நடத்தும் வயல் ஆய்வு. பயிற்சி முகாம் நடந்த திருமண மண்டபத்தை ஏற்றாதீர்கள். நிறையப் பேர் ஏற்றுகிறார்கள். நிதி கொடுத்தவருக்குக் குறி அதிகமாகத் தெரியட்டும் என்ற எண்ணம் அது.

எந்தக் கருவியில் தொடங்கலாம்?

இலவசமாகக் கிடைப்பவற்றில் மூன்றைச் சொல்லலாம்.

கூகுள் மை மேப்ஸ் எல்லோருக்கும் பழகிய முகம். ஒரு வரைபடத்தில் 10 அடுக்குகள், ஓர் அடுக்கில் 2,000 வரிகள் வரை ஏற்றலாம்; நம் தேவைக்குத் தாராளம். குறை ஒன்று உண்டு. கூகுள் ஷீட்டிலிருந்து ஏற்றினாலும் அது அந்த நேரத்து நகல்தான். பிறகு ஷீட்டில் திருத்தினால் வரைபடம் தானாக மாறாது, மறுபடி ஏற்ற வேண்டும்.

யூமேப் என்பது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த உலக வரைபடத்தின் மேல் இயங்கும் கருவி. தோற்றத்தில் கொஞ்சம் கரடுமுரடு. ஆனால் இணையத்தில் வெளியிட்ட அட்டவணையின் இணைப்பைக் கொடுத்துவிட்டால், வரைபடத்தைத் திறக்கும்போதெல்லாம் அதிலிருந்தே படித்துக் காட்டும். பல பேர் பல இடத்திலிருந்து தகவல் தரும் வேலைக்கு இதுதான் சரி என்பது எங்கள் கருத்து. கணக்கு இல்லாமலே வரைபடம் உருவாக்கலாம். அப்போது திருத்துவதற்கு ஒரு ரகசிய இணைப்பு தருவார்கள். அதைத் தொலைத்தால் வரைபடத்தைப் பார்க்கலாம், தொட முடியாது. எனவே ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் கணக்கு ஒன்றைத் தொடங்கிவிட்டு வேலையை ஆரம்பியுங்கள்.

க்யூஜிஐஎஸ் கணினியில் நிறுவும் மென்பொருள். பரப்பளவு கணக்கிட, இரண்டு அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஆராய, அச்சுக்கு வரைபடம் தயாரிக்க இது வேண்டும். வெறுமனே ‘எங்கே என்ன நடக்கிறது’ என்று காட்டுவதற்கு இதில் இறங்கினால் மாதக் கணக்கில் மென்பொருள் கற்றுக்கொண்டே இருப்பீர்கள்.

இஸ்ரோவின் புவன் தளம் 2009 முதல் இருக்கிறது. நம் நாட்டுச் செயற்கைக்கோள் படங்களையும் நிலப்பயன்பாட்டு அடுக்குகளையும் பார்க்க நல்லது.

அட்டவணையில் என்னென்ன நெடுவரிசைகள் வேண்டும்?

வரைபடத்தைவிட இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். அட்டவணை சரியாக இருந்தால் எந்தக் கருவியிலும் ஏற்றிக்கொள்ளலாம்.

முதலில், திட்டம் வேறு, இடம் வேறு. ஒரு திட்டம் ஏழு தோப்புகளில் நடக்கலாம். ஒரே தோப்பில் இரண்டு திட்டங்கள் நடக்கலாம். எனவே இரண்டு தாள் வைத்துக்கொள்ளுங்கள். திட்டத் தாளில் குறியீட்டு எண், தலைப்பு, நடத்தும் நிலையம், நிதி தருபவர், தொடங்கிய மாதம், முடியும் மாதம், தொடர்புக்கான அலுவலகத் தொலைபேசி. இடத் தாளில் அதே திட்டக் குறியீடு, அட்சரேகை, தீர்க்கரேகை, மாநிலம், ஊராட்சி, பயிர், அங்கே என்ன செய்கிறார்கள், கடைசியாக நேரில் பார்த்த தேதி. வரைபடத்துக்குப் போவது இடத் தாள்தான். குறியைத் தொட்டால் திறக்கும் பெட்டியில் தேவையான திட்ட விவரங்களைச் சூத்திரம் போட்டு இதற்குள் இழுத்துக்கொள்ளலாம்.

‘என்ன செய்கிறார்கள்’ என்ற வரிசையில்தான் பெரும்பாலான வரைபடங்கள் தோற்றுப்போகின்றன. ‘தென்னை மேம்பாடு’ என்று எழுதினால் குறியைத் தொட்டவருக்கு ஒன்றும் கிடைக்காது. மாதிரிக்கு ஒன்று:

‘சுருள் வெள்ளை ஈ. ஈயை அழிக்கும் என்கார்சியா ஒட்டுண்ணி விட்ட தோப்பும் விடாத தோப்பும் ஒப்பீடு. மருந்து அடிப்பதில்லை, மஞ்சள் ஒட்டுப்பொறி மட்டும். நெட்டை ரகம், 60 மரம். ஜூன் முதல் இரண்டு ஆண்டு. பார்க்க வரலாம், முதல் நாள் நிலையத்துக்குச் சொல்லிவிட்டு வரவும்.’

இதைப் படிக்கும் விவசாயிக்குத் தன் தோப்பில் இலை மேல் கரும்பூசணம் படர்ந்திருப்பது நினைவுக்கு வரும். அவர் நிலையத்துக்குப் போன் செய்தால் உங்கள் வரைபடம் வேலை செய்கிறது என்று பொருள்.

கடைசியாக நேரில் பார்த்த தேதியை விட்டுவிடாதீர்கள். ‘தற்போது நடக்கிறது’ என்று எழுதிவிட்டு மூன்று வருடம் யாரும் திரும்பிப் பார்க்காத வரைபடங்கள் இணையத்தில் நிறைய.

எங்கள் குறிகள் கடலிலும் காட்டிலும் விழுகின்றன. என்ன காரணம்?

கடலில் விழுந்தால் அட்சமும் தீர்க்கமும் இடம் மாறியிருக்கின்றன. கொழிஞ்சாம்பாறைப் பக்கம் அட்சரேகை 10.73, தீர்க்கரேகை 76.83. இதைத் திருப்பிப் போட்டால் குறி நார்வேக்கு வடக்கே, ஆர்க்டிக் கடலில் போய் நிற்கும். இந்தக் குழப்பத்துக்குக் காரணம் மென்பொருள்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லாததுதான். கூகுள் மேப்ஸில் அட்சம் முதலில் வரும். ஜியோஜேசன், கேஎம்எல் என்ற வரைபடக் கோப்புகளில் தீர்க்கம் முதலில் வரும்.

காட்டில் விழுவதைக் கண்டுபிடிப்பது கஷ்டம், ஏனென்றால் பார்வைக்கு ஓரளவு சரியான இடம் போலவே இருக்கும். களப்பணியாளர் பழைய ஜிபிஎஸ் கருவியில் பார்த்து 10 பாகை 44 கலை 20 விகலை (டிகிரி, நிமிடம், விநாடி) என்று குறித்து வருகிறார். அலுவலகத்தில் தட்டச்சு செய்பவர் அதை 10.4420 என்று அடிக்கிறார். சரியான மதிப்பு 10.7389. கலையை 60-ஆலும் விகலையை 3,600-ஆலும் வகுத்துக் கூட்ட வேண்டும். அதேபோல 76 பாகை 50 கலை என்பது 76.8333, அதை 76.50 என்று அடித்துவிடுவார். இரண்டும் சேர்ந்தால் கொழிஞ்சாம்பாறைத் தோப்பு ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தென்மேற்கே போய் சிம்மினி வனவிலங்குச் சரணாலயப் பக்கம் உட்கார்ந்துகொள்ளும்.

ஷீட்டில் நிபந்தனை வைத்து வண்ணமிடும் வசதியைப் பயன்படுத்துங்கள். அட்சம் 10.3 முதல் 11 வரை, தீர்க்கம் 76.6 முதல் 77.2 வரை, இதற்கு வெளியே உள்ள எண்கள் சிவப்பாகட்டும். மேலே சொன்ன 76.50 உடனே மாட்டும். ஆனால் பொள்ளாச்சிப் பக்கம், தீர்க்கம் 77-ஐத் தாண்டும் இடங்களில் இந்தச் சோதனை ஏமாந்துவிடும். 10 பாகை 39 கலை 30 விகலையை 10.3930 என்று அடித்தால் எண் வரம்புக்குள்ளேயே இருக்கிறது, குறியோ சுமார் 29 கிலோமீட்டர் தெற்கே வால்பாறை மலையில் ஏறிவிட்டது. இதற்கு வேறொரு வழி: ஒருவர் கொடுத்த வரிகள் எல்லாவற்றிலும் புள்ளிக்குப் பின்னால் வரும் முதல் இரண்டு இலக்கங்கள் 59-ஐத் தாண்டவே இல்லை என்றால், அவர் கலை விகலையை அப்படியே அடித்திருக்கிறார். கலை 60-ஐத் தொடாது அல்லவா.

எல்லாம் முடிந்த பிறகு செயற்கைக்கோள் படத்தின் மேல் ஒவ்வொரு குறியையும் கண்ணால் பார்த்துவிடுங்கள். தென்னந்தோப்பு என்று எழுதிய குறியின் அடியில் தென்னை தெரிய வேண்டும்.

ஊர்ப் பெயரைக் கொடுத்தால் கருவியே இடத்தைக் கண்டுபிடிக்காதா?

கண்டுபிடிக்கும், நமக்குத்தான் ஆகாது. பாலக்காட்டுச் சித்தூரை நினைத்து சித்தூர் என்று கொடுத்தால் ஆந்திராவின் சித்தூருக்கும் போகும். கோபாலபுரம் சென்னைக்கு நடுவிலும் இருக்கிறது. மீனாட்சிபுரங்கள் தமிழ்நாட்டில் எத்தனையோ. போதாததற்கு எருத்தேன்பதி, வடகரப்பதி போன்ற பெயர்களை ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். எண்ணாகக் கொடுங்கள்.

தோப்புக்குள் ஜிபிஎஸ் சரியாகக் காட்டுவதில்லையே?

அடர்ந்த மட்டைகளுக்குக் கீழே வானம் மறைகிறது, அதனால் துல்லியம் குறையும். வரப்புக்கோ பம்ப்செட் அறைப் பக்கமோ வந்து, வெட்டவெளியில் ஒரு நிமிடம் நின்று, துல்லியம் 10 மீட்டருக்குள் வந்த பிறகு பதிவு செய்யுங்கள். ஒரு தோப்பைக் காட்ட அது போதும். மரம் மரமாகக் குறிக்க வேண்டும் என்றால் கைபேசி போதாது. மரங்களுக்கு எண் போட்டுத் தனிப் படம் வரைந்துகொள்வது மேல்.

ஜிபிஎஸ்-க்குச் செல்போன் சிக்னல் தேவையில்லை. முதன்முறை இடம் பிடிக்க மட்டும் கொஞ்சம் நேரமாகும். ஓடிகே, கோபோ போன்ற செயலிகளில் படிவத்தை முன்பே இறக்கி வைத்துக்கொண்டால் களத்தில் நிரப்பிவிட்டு, ஊருக்குள் வந்து அனுப்பலாம். பாகை கலை விகலைச் சிக்கலும் அதோடு ஒழிந்தது.

சர்வே எண் இருக்கிறது. அதை வைத்துக் குறி வைக்கலாமா?

நேரடியாக முடியாது. தமிழ்நாட்டில் வருவாய்க் கிராமம், புல எண், உட்பிரிவு. கேரளத்தில் வில்லேஜ், பிளாக், ரீசர்வே நம்பர். இரண்டு முறைக்கும் தொடர்பு இல்லை. எதுவும் அட்சம் தீர்க்கம் ஆகாது. அட்டவணையில் குறிப்புக்காக வைத்துக்கொள்ளுங்கள், பொது வரைபடத்தில் காட்ட வேண்டாம்.

எங்கள் திட்டம் தாலுகா முழுவதற்குமான கணக்கெடுப்பு. குறியை எங்கே வைப்பது?

தயவுசெய்து அலுவலகக் கட்டடத்தில் வைக்காதீர்கள். உலக அளவில் பெரிய நிறுவனங்களின் திட்ட வரைபடங்களிலும் இந்த வியாதி உண்டு: தலைநகரில் ஒரு கட்டடத்தின் மேல் பத்துக் குறிகள் குவிந்திருக்கும், வயல்வெளி காலியாக இருக்கும். பரந்த வேலைக்கு எல்லைக்கோடு போட்ட பரப்பாகக் காட்டுங்கள். பாலக்காட்டு நெல் வயல்களில் ஒரு பாடசேகரம் (சேர்ந்தாற்போல் உள்ள வயல்களின் தொகுதி) முழுவதும் ஓர் ஆய்வில் இருந்தால் அந்தப் பாடசேகரத்தைச் சுற்றிக் கோடு வரையலாம். பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி சித்தூர்ப் புழைக்கு (ஆற்றுக்கு) ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் வர வேண்டும். அந்தப் பாசனப் பரப்பில் நடக்கும் நீர் ஆய்வுக்கு வாய்க்காலையே கோடாக வரைவது பொருத்தம்.

விவசாயியின் பெயர், கைபேசி எண் போடலாமா?

வேண்டாம். 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. சட்டத்தை விடுங்கள், வியாபாரத்தை யோசியுங்கள். ‘வேர் வாடல் நோய் கண்ட தோப்பு’ என்று ஒரு தோப்பின் மேல் சிவப்புக் குறி வைத்துவிட்டால், அவருடைய நாற்றை யார் வாங்குவார்கள்? தோப்பை விற்கப் போனால் வாங்க வருபவர் கைபேசியில் இதைத்தான் முதலில் பார்ப்பார். இடம் கொடுத்து உதவியவருக்கு நாம் செய்யும் கைம்மாறு இதுவாக இருக்கக் கூடாது.

நோய், பூச்சி பற்றிய இடங்களைப் பொது வரைபடத்தில் இரண்டு தசம இலக்கத்தோடு நிறுத்துங்கள். 10.74 என்று நிறுத்தினால் துல்லியம் ஒரு கிலோமீட்டர் அளவுக்குக் குறைந்துவிடும். எந்த ஊர்ப் பக்கம் என்று தெரியும், யார் தோப்பு என்று தெரியாது. நான்கு இலக்கம் கொடுத்தால் 11 மீட்டர், ஐந்து கொடுத்தால் ஏறக்குறைய ஒரு மீட்டர். முழு எண் உள்ள தாள் ஆய்வாளரிடம் இருக்கட்டும். இன்னும் வெளியிடாத ரகங்களின் திடலுக்கும் இதே விதி; இரவோடு இரவாகக் கன்று காணாமல் போகும்.

செயல்விளக்கத் தோப்பு விஷயம் வேறு. நாலு பேர் வந்து பார்க்க வேண்டும் என்றுதான் அது. அங்கும் உரிமையாளரிடம் கேட்டு, எழுதி வாங்கி, அதன் பிறகு துல்லியமாகக் காட்டுங்கள். தொடர்பு எண் எப்போதும் நிலையத்தினுடையதாகவோ, கேரளத்தின் வேளாண் அலுவலகமான கிருஷி பவன், தமிழ்நாட்டின் வேளாண் விரிவாக்க மையத்தினுடையதாகவோ இருக்கட்டும்.

வரைபடம் வெளியிட அரசு அனுமதி வேண்டுமா?

2021 பிப்ரவரியில் வந்த மத்திய அரசின் வழிகாட்டு நெறிமுறைக்குப் பிறகு, இந்திய நிறுவனங்கள் வரைபடத் தரவு சேகரிக்கவும் வெளியிடவும் பொதுவாக முன் அனுமதி தேவையில்லை. தோப்புக் குறிகளுக்கு எந்தத் தடையும் கிடையாது. கவனிக்க வேண்டியது நாட்டின் எல்லைக்கோடு. இந்திய நில அளவைத் துறையின் வரைபடத்துக்கு மாறாக எல்லையைக் காட்டி வெளியிடுவது 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். வெளிநாட்டு அடித்தள வரைபடங்களில் காஷ்மீர்க் கோடு வேறு மாதிரி இருக்கும். நமக்கு வேண்டியது பாலக்காட்டுக் கணவாய். திறந்ததும் அந்த அளவுக்கு நெருங்கியே தெரியும்படி அமைத்து, அச்சில் கொடுக்கும் படங்களையும் அதற்குள் வெட்டிக்கொள்ளுங்கள்.

தமிழில் வைப்பதா, மலையாளத்தில் வைப்பதா?

இரண்டிலும். சித்தூர் தாலுகாவில் வீட்டில் தமிழ் பேசிக்கொண்டு பள்ளியில் மலையாளம் படித்தவர்கள் ஏராளம். காதுக்குத் தமிழும் கண்ணுக்கு மலையாளமும் சுலபம். ஊர், பயிர், செய்யும் வேலை ஆகிய மூன்று வரிசைகளையாவது இரு மொழியிலும் வையுங்கள்.

எல்லாம் யூனிகோடில் இருக்க வேண்டும். பாமினி, வானவில் எழுத்துருவில் அடித்த பழைய அறிக்கைகளிலிருந்து நகலெடுத்தால் வரைபடத்தில் கிறுக்கலாகத்தான் வரும், முதலில் மாற்றிக்கொள்ளுங்கள். சிஎஸ்வி கோப்பை எக்செலில் நேராகத் திறந்து சேமிக்கும்போதும் தமிழ் சிதையும். கூகுள் ஷீட்டிலிருந்து இறக்கினாலோ, லிப்ரே ஆபீஸில் திறந்து யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்துச் சேமித்தாலோ தொல்லை இல்லை.

விவசாயிகள் உண்மையில் வரைபடத்தைத் திறந்து பார்க்கிறார்களா?

கொஞ்சம் பேர்தான். பலருக்கும் கைபேசித் திரையில் குறியைத் தேடித் தொடுவது எரிச்சல். எனவே வரைபடத்தின் கீழேயே ஊராட்சி வாரியாக ஒரு பட்டியலும் வையுங்கள். பெருமாட்டி, முதலமடை, ஆனைமலை என்று பெயரைப் பார்த்துத் தொட்டால் அங்குள்ள ஆய்வுகள் வரட்டும். கிருஷி பவன் அறிவிப்புப் பலகையிலும் கூட்டுறவுச் சங்கச் சுவரிலும் கியூஆர் குறியை ஒட்டுங்கள். வாட்ஸ்அப் குழுவில் முழு வரைபட இணைப்பைப் போடுவதைவிட, அந்த ஊருக்கான ஒரு ஆய்வின் விவரத்தை மூன்று வரியில் எழுதி, கீழே இணைப்பு கொடுத்தால் திறப்பவர் கூடுவார்கள்.

விரிவாக்க அலுவலர்களுக்கும் ஆராய்ச்சி மாணவர்களுக்கும் வரைபடம் அப்படியே பயன்படும். புது ஆய்வுக்கு இடம் தேடும்போது ஏற்கெனவே யார் எங்கே இருக்கிறார் என்று பார்த்துவிட்டு, காலியான பகுதிக்குப் போகலாம்.

கருவியை நிறுவனம் மூடிவிட்டால் உழைப்பெல்லாம் போய்விடுமா?

மூடியிருக்கிறார்கள். கூகுள் ஃபியூஷன் டேபிள்ஸ் என்ற சேவையில் ஆய்வாளர்கள் பலர் வரைபடம் வைத்திருந்தார்கள். 2019 டிசம்பரில் அது நிறுத்தப்பட்டது. மூல அட்டவணை கையில் இருந்தவர்கள் வேறு கருவிக்கு மாறினார்கள். பருவத்துக்கு ஒருமுறை அட்டவணையை சிஎஸ்வி-யாகவும், வரைபடத்தை கேஎம்எல் அல்லது ஜியோஜேசன் கோப்பாகவும் இறக்கி, ஒருவர் கணினியில் மட்டும் இல்லாமல் இரண்டு நிலையங்களிலும் வையுங்கள். பொறுப்பாளரின் சொந்த மின்னஞ்சலில் வரைபடம் தொடங்குவதும் இதே ஆபத்துதான். அவர் மாற்றலாகிப் போனால் திருத்தும் உரிமையும் கூடவே போகும். குழுவுக்கென்று ஒரு கணக்கு வேண்டும்.

எப்போது புதுப்பிப்பது, முடிந்த திட்டங்களை அழித்துவிடலாமா?

நெல்லுக்கு விரிப்பு, முண்டகன் (கேரளத்தின் முதல், இரண்டாம் நெல் பருவங்கள்) தொடங்கும்போது ஒவ்வொரு முறை. தென்னை, மாவுக்கு ஆண்டுக்கு இருமுறை. தகவல் தர வேண்டியவர் களத்தில் இருப்பவர், திருத்த வேண்டியவர் ஒரே ஒருவர். எல்லோருக்கும் திருத்தும் உரிமை கொடுத்தால் ஒரே தோப்பு மூன்று பெயரில் வந்து நிற்கும்.

முடிந்ததை அழிக்காதீர்கள். குறியின் நிறத்தைச் சாம்பலாக்கி, பெட்டியில் இரண்டு வரி சேருங்கள்: என்ன தெரிந்தது, அறிக்கை எங்கே கிடைக்கும். பலன் தராத ஆய்வையும் அப்படியே எழுதுங்கள். ஒட்டுண்ணி விட்டும் ஈ குறையவில்லை என்றால் அதுவும் எல்லைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு வேண்டிய செய்தி. அடுத்த பருவத்தில் அதே முறையை அதே மாதிரி தோப்பில் தொடங்குவதற்கு முன் அவர் ஒரு போன் போட்டுக் கேட்பார்.